997 வாங்கப் போறீங்களா? பழைய இன்ஜினையும் புது இன்ஜினையும் ஒப்பிடறப்போ எல்லாரும் சறுக்கற இடங்கள்

லண்டன்ல இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் ஒருநாள் ராத்திரி ஒரு போட்டோ அனுப்பினான், சில்வர் கலர் போர்ஷே 911, பின்னாடி எல்இடி லைட்டு பளபளன்னு. "மச்சி 997 ஃபேஸ்லிஃப்ட்டுடா, இந்த விலைக்கு திரும்ப சிக்காது, நாளைக்கே அட்வான்ஸ் குடுக்கப் போறேன்"னான். விலையைப் பாத்ததுமே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. முதல்ல சேஸிஸ் நம்பரை போட்டோ எடுத்து அனுப்புடான்னேன். பத்தாவது எழுத்து 7. அதாவது 2007 மாடல், பழைய இன்ஜின், யாரோ டெயில் லைட்டை மட்டும் மாத்தி விட்டுருக்காங்க.

இதுதான் முதல் தப்பு, லைட்டைப் பாத்து இன்ஜினை முடிவு பண்றது. 997ங்கறது 911 வரிசையில ஒரு மாடலுக்கு கம்பெனி வச்ச நம்பர். இந்த பாடியில ரெண்டு தலைமுறை இருக்கு, பழசை 997.1, ஃபேஸ்லிஃப்ட் பண்ணி வந்த புதுசை 997.2ன்னு சொல்வாங்க. வெளிய பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா சாதா மாடலான கரேராவுலயும், அதை விட பவர் கூடின கரேரா எஸ்லயும் பின்னாடி உக்காந்திருக்கற இன்ஜினே வேற. 2008 நடுவுல விற்பனைக்கு வந்த 997.2, கணக்குக்கு 2009 மாடல். அதனால ரிஜிஸ்ட்ரேஷன் வருஷம் 2008ன்னு இருந்தா அது ரெண்டுல எதுவா வேணா இருக்கலாம். சேஸிஸ் நம்பர்ல பத்தாவது இடத்துல 5ல இருந்து 8 வரைக்கும் இருந்தா பழசு, 9 இல்ல ஏ, பி, சி இருந்தா புதுசு. (டர்போ, ஜிடி கார்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதுக்கு அப்புறம் வரேன்.)

அடுத்தது, "ரெண்டும் 3.8 லிட்டர் தானே, கொஞ்சம் ட்யூன் பண்ணி பவரை ஏத்திருப்பாங்க"ங்கற நினைப்பு. இல்லங்க. பழைய கரேரா எஸ்ல இருக்கறது 3824 சிசி, புதுசுல 3800 சிசி. போர், அதாவது சிலிண்டரோட விட்டம், 99 மில்லிமீட்டர்ல இருந்து 102 ஆச்சு, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போற தூரம், 82.8ல இருந்து 77.5ஆ குறைஞ்சுது, பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே அடிக்கற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வந்துச்சு, சிலிண்டர் சுவருக்கு லோக்காசில்ங்கற பொருளுக்கு பதிலா அலுசில்ங்கற இன்னொரு பொருள். பவர் 355 பிஎஸ்ல இருந்து 385 ஆச்சு, டார்க் 400ல இருந்து 420 நியூட்டன் மீட்டர். பேருதான் 3.8, மத்தபடி வெள்ளைப் பேப்பர்ல ஆரம்பிச்சு வரைஞ்ச இன்ஜின்.

இதுல எல்லாரும் பேசற ஐஎம்எஸ் பேரிங் கதைக்கு வருவோம், ஏன்னா அதிகமா குழப்பம் நடக்கறது இங்கதான். பழைய இன்ஜின்ல, பிஸ்டன்கள் சுத்த வைக்கற கிராங்குக்கு கீழ ஐஎம்எஸ்ங்கற இன்டர்மீடியட் ஷாஃப்ட் ஓடும், அதுதான் செயின் வழியா, வால்வுகளைத் திறக்கற கேம்ஷாஃப்ட்டுகளைச் சுத்த வைக்கும். அந்த ஷாஃப்ட்டோட ஒரு முனையில இருக்கற பால் பேரிங் உடைஞ்சா டைமிங் எகிறி வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் காலி. அமெரிக்காவுல இதுக்கு கேஸே போட்டாங்க, 2013ல செட்டில் ஆச்சு. ஆனா அந்த கேஸ் சுத்தினது 2005 வரைக்குமான கார்களைத்தான். 997.1லயே ஆரம்பத்துல வந்த சில கார்கள்ல அந்தச் சின்ன பேரிங் இருக்கு, க்ளட்ச் மாத்தறப்போ அதையும் சேத்து மாத்திடலாம். அதுக்கு அப்புறம் வந்ததுல பெரிய பேரிங் போட்டாங்க, அது உடையறது ரொம்ப அபூர்வம், ஆனா அதை வெளிய எடுக்கணும்னா இன்ஜின் கேஸையே பிரிக்கணும். ஸோ விக்கறவர் "2007 மாடல் சார், ஐஎம்எஸ் பேரிங் புதுசா போட்டாச்சு"ன்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க, இன்ஜினைப் பிரிச்ச பில் எங்கன்னு கேளுங்க. 997.2ல அந்த ஷாஃப்ட்டே கிடையாது, செயின் நேரா கிராங்க்ல இருந்தே போகுது.

ஐஎம்எஸ் ஐஎம்எஸ்னு பயந்துட்டே இருந்து பக்கத்துல நிக்கற பெரிய ஆபத்தைப் பாக்காம விடறதுதான் என்னைக் கேட்டா இருக்கறதுலயே பெரிய தப்பு. 997.1ல, அதுவும் 3.8ல, பர்ஸைக் கிழிக்கறது போர் ஸ்கோரிங். பிஸ்டன் சிலிண்டர் சுவரை உரசி நெடுக்க கீறல் போட்டுடும். ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டா டிக் டிக்குனு தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம், எண்ணெய் குடிக்கறது கூடும், டெயில் பைப்புக்குள்ள விரலை விட்டுத் துடைச்சுப் பாத்தா ஒரு பக்கம் மட்டும் கன்னங்கரேல்னு மசி ஒட்டும். பெரும்பாலும் ஆறாம் சிலிண்டர் பக்கம்தான் ஆரம்பிக்கும். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா கேமரா விட்டுப் பாத்து "க்ளீன் சார்"னு சொல்றதை அப்படியே நம்பிடாதீங்க, மேல இருந்து பாத்தா சுவரோட கீழ்ப்பகுதி சரியா தெரியாது. விஷயம் தெரிஞ்ச மெக்கானிக் இன்ஜினுக்கு அடியில எண்ணெய் தேங்கற ஆயில் சம்ப்பைக் கழட்டி கீழ இருந்தும் கேமரா விடுவார், செலவு கூடத்தான், ஆனா இன்ஜின் ரீபில்டு செலவுக்கு முன்னாடி அது டீக்காசு.

குறைவா ஓடின வண்டின்னா நல்லதுன்னு நம்பறதும் இங்க வேலைக்கு ஆகாது. குளிர் நாட்டுல வாரத்துக்கு ஒருதரம் கடைவீதிக்குப் போயிட்டு எண்ணெய் சூடாகறதுக்குள்ள திரும்பி வந்து நிக்கற கார்தான் இந்த இன்ஜினுக்கு ஆகாத கார். டேஷ்போர்டுல ஆயில் டெம்பரேச்சர் முள்ளே தனியா இருக்கு, அது ஏறினதுக்கு அப்புறம்தான் மிதிக்கணும், எத்தனை பேர் அதைப் பாக்கறாங்க சொல்லுங்க.

சரி, அப்போ 997.2 வாங்கிட்டா கண்ணை மூடிட்டு தூங்கலாமான்னா, அதுவும் இல்ல. ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப் போகும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் இன்டேக் வால்வு மேல படாது, அதனால அங்க கார்பன் படியும். பிடிகேங்கற போர்ஷேவோட ரெட்டை க்ளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள இருக்கற ஒரு சின்ன சென்சார் போனதுக்கு முழு கியர்பாக்ஸையே மாத்தச் சொன்ன காலம் ஒண்ணு இருந்துச்சு. பழசை விட தைரியமா வாங்கலாம், அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத புது இன்ஜினை விட பில்லெல்லாம் ஃபைல் போட்டு வச்சிருக்கற பழைய இன்ஜினைத்தான் நான் எடுப்பேன்.

டெஸ்ட் டிரைவ்ல ஒரு வேடிக்கை நடக்கும். காலையில பழைய காரை டிப்ட்ரானிக்ல ஓட்டுவாங்க, அது அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக், சாயங்காலம் புது காரை ஏழு கியர் பிடிகேல ஓட்டிட்டு "இன்ஜின் என்னமா இழுக்குது!"ன்னு சொல்வாங்க. அதுல பாதி கியர்பாக்ஸ் பண்ற வேலை. மேனுவலுக்கு மேனுவல் கம்பெனி கணக்கைப் பாத்தா கரேரா எஸ் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட பழசு 4.8 செகண்ட், புதுசு 4.7, அவ்வளவுதான் வித்தியாசம். பிடிகே போட்டு, நின்ன இடத்துல இருந்து சீறிக் கிளம்ப வைக்கற லாஞ்ச் கண்ட்ரோல்ல அடிச்சா 4.3. இன்ஜினை ஒப்பிடணும்னா கியர்பாக்ஸ் ஒண்ணா இருக்கணும், எக்ஸாஸ்ட்டும் ஒண்ணா இருக்கணும், இல்லனா காது ஏமாத்திடும்.

டர்போ, ஜிடி3க்கு அப்புறம் வரேன்னேன்ல. "997னாலே பழைய இன்ஜின் ஆபத்து"ன்னு அங்க போய் சொன்னா சிரிப்பாங்க. முதல் தலைமுறை டர்போ, ஜிடி3, ஜிடி2 இதுலெல்லாம் இருக்கறது போர்ஷே இன்ஜினியர் ஹான்ஸ் மெட்ஸ்கர் பேரால அழைக்கப்படற, ரேஸ் பரம்பரையில வந்த வேற இன்ஜின், அதுல ஐஎம்எஸ், போர் ஸ்கோரிங்னு இந்த ரெண்டு வியாதியும் கிடையாது. டர்போ 2010 மாடல்லதான் புது குடும்பத்து 3.8க்கு மாறுச்சு, ஜிடி3 ரெண்டாம் தலைமுறையிலயும் மெட்ஸ்கரைத்தான் வச்சிருந்துச்சு. இங்க கலெக்டருங்க பழைய இன்ஜினைத் தேடித்தான் அலையறாங்க.

ஃப்ரெண்டு கதையைப் பாதியில விட்டுட்டேன். அவன் மறுநாள் அந்த சில்வர் காரைப் பாக்கப் போனான். சம்ப்பைக் கழட்டி ஒரு தடவை பாத்துக்கறேன், செலவு என்னோடதுன்னு கேட்டிருக்கான். ஓனர் சிரிச்ச முகத்தோட போர்வையை எடுத்து காரை மூடிட்டாராம்.