சங்க உறுப்பினர் வழக்கு: மெமோவுக்குப் பதில் எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

அங்கீகாரம் போனதும் சங்கத்தை விட்டு விலகுவது

‘அங்கீகாரம் ரத்தான சங்கத்தில் ஏன் இருக்கிறீர்?’ என்று விளக்கம் கேட்டு மெமோ வந்ததும் அரசு ஊழியர்கள் சங்கத்திலிருந்து விலகல் கடிதம் எழுதிவிடுகிறார்கள். அவசியமே இல்லை. ஓ.கே. கோஷ் எதிர் இ.எக்ஸ். ஜோசப் வழக்கில் 1962 அக்டோபர் 30 அன்றே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. மத்திய அரசின் 1955 நடத்தை விதி 4-பி, அங்கீகாரம் மறுக்கப்பட்ட அல்லது திரும்பப் பெறப்பட்ட சங்கத்தில் ஊழியர் இருக்கக் கூடாது என்றது. அங்கீகாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் மறுக்கலாம்; பொது ஒழுங்குக்கும் அதற்கும் தொடர்பே இருக்க வேண்டியதில்லை. அதனால் அந்த விதி, சங்கம் அமைக்கும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் கூறு 19(1)(சி)-ஐ மீறுகிறது என்று ரத்தானது.

எல்லாக் குற்றச்சாட்டுக்கும் ஒரே பதில்

வேலையையே பறிக்கும் தவறு இதுதான். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இது நடப்பதைப் பார்க்கக் கோபம்தான் வருகிறது. 17(பி) மெமோவில், அதாவது தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின்படி பெரிய தண்டனைக்காகத் தரப்படும் குற்றச்சாட்டு மெமோவில், மூன்று குற்றச்சாட்டு இருக்கும்: உறுப்பினராக இருந்தது, ஆர்ப்பாட்டத்தில் நின்றது, வேலைநிறுத்தம் செய்தது. பதிலோ ஒரே பத்தி: ‘சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை, போராட்டம் அதன் அங்கம்.’ விசாரணை அதிகாரிக்கு அது போதும். வேலைநிறுத்தத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவார், சாட்சியே தேவைப்படாது. சட்டமும் கைகொடுக்காது. சங்க உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று அகில இந்திய வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லியாயிற்று. ஆர்ப்பாட்டம், வேலைநிறுத்தம் இரண்டையும் தடுத்த விதி 4-ஏ-வில் ஜோசப் தீர்ப்பும் ஆர்ப்பாட்டத் தடையை மட்டுமே நீக்கியது. வேலைநிறுத்தத் தடை அப்படியே நின்றது.

முதலில் ஒவ்வொரு குற்றச்சாட்டும் எந்த விதி எண்ணில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தனித்தனிப் பத்தியாகப் பதில் எழுதுங்கள். உறுப்பினர் குற்றச்சாட்டுக்கு ஜோசப் தீர்ப்பு. அமைதியான ஆர்ப்பாட்டத்துக்கு அதே 1962-இன் காமேஷ்வர் பிரசாத் தீர்ப்பு. வேலைநிறுத்தத்துக்கு உரிமை வாதம் வேண்டாம்: அன்றைய வருகைப் பதிவேடு, விடுப்பு விண்ணப்பம், மருத்துவச் சான்று உண்மையில் இருந்தால் அவற்றின் நகலை இணையுங்கள்.

2003 தீர்ப்பைக் கண்டு ஒதுங்குவது

உச்ச நீதிமன்றத்தின் டி.கே. ரங்கராஜன் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. உறுப்பினராக இருப்பதைக் குற்றம் என்று அது எங்கும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு அதைக் காட்டினால், அதில் பேசப்படும் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதி 22-ஐ வாசித்துக் காட்டுங்கள். அதில் இருப்பது வேலைநிறுத்தம்தான்.

பதிவும் அங்கீகாரமும்

ஒன்றல்ல. பதிவு என்பது சங்கம் சட்டப்படி பதியப்படுவது; அங்கீகாரம் என்பது அரசு அதை ஏற்பது. பதிவுச் சான்றைக் காட்டி அங்கீகாரம் இருப்பதாக எழுதாதீர்கள்.

காவல்துறையினர்

காவல் படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்த இடம் தரும் அரசியலமைப்பின் கூறு 33-ம், அதன்கீழ் வந்த 1966 காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டமும் தனி. ஜோசப் தீர்ப்பை அங்கே கொண்டுபோகாதீர்கள்.