அரணைக்கு நத்தை தேடிய கதை

சிட்னியில் உரிமம் எடுத்து நீலநாக்கு அரணை ஒன்று வளர்க்கிறேன். நத்தை என்றால் அதற்கு உயிர். ஓட்டோடு நொறுக்கும் சத்தம் யாரோ முறுக்கு கடிப்பதுபோல் கேட்கும். மழை விட்ட இரவில் டார்ச்சோடு போனால் வேலியோரம் 20, 30 கிடைக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாத்தியில் பச்சைப் பச்சையாகக் குருணை. நத்தை விஷம்! அதைத் தின்ற நத்தை அரணையையும் கொன்றுவிடும். பொறுக்கியதெல்லாம் குப்பைக்குப் போனது.

பிறகு, விஷமே வைக்காத நண்பர் தோட்டத்தில் 10 நத்தை எடுத்து, ஈரமண் போட்ட டப்பாவில் விட்டேன். தீனி காரட், முட்டையோட்டுத் தூள். (காரட் தின்றால் எச்சமும் ஆரஞ்சு நிறம்தான்.) மண்ணுக்குள் வெள்ளை முட்டைகள், சில வாரத்தில் கடுகளவு குஞ்சுகள். வெளி நத்தையில் புழு இருக்கலாம் என்பதால் டப்பாவில் பிறந்ததுதான் இனி தட்டுக்கு. வளர மாதக்கணக்காகும். அதுவரை ஐயாவுக்கு வேகவைத்த முட்டைதான், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.