தேவனாம்பட்டினத்தில் கனிம மணலை அரித்துப் பார்க்கும் முறை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் அலை வடிந்த ஈர மணலில் மெல்லிய கருங்கோடுகள் தெரிந்தால், அவற்றை அழுக்கென்று எண்ணிக் கடந்துவிட வேண்டாம். கனிமப் படிவு எவ்வாறு திரள்கிறது என்பதை அங்கேயே கையால் செய்து அறியலாம்.

தேவையானவை: குழிவான எவர்சில்வர் தட்டு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், நெகிழிப் பை, உருப்பெருக்கிக் கண்ணாடி.

முதல் படியாக, அலை எட்டாத இடத்தில் கருங்கோட்டின் மேற்பரப்பிலிருந்து இரண்டு கைப்பிடி மணலை மட்டும் எடுங்கள். ஆற்றின் முகத்துவாரத்தருகே இறங்க வேண்டாம்.

இரண்டாம் படி அரித்தல். பொறுமையைக் கேட்பது இதுவே. தட்டில் நீர் ஊற்றி, அரிசியில் கல் அரிப்பதைப் போலச் சுழற்றிச் சாய்த்தால், நீரைப் போல் 2.65 மடங்கு அடர்த்தியுள்ள வெண்ணிறக் குவார்ட்ஸ் முதலில் வழிந்தோட, 4.7 மடங்குள்ள இல்மனைட்டும் (டைட்டானியம் கலந்த இரும்புக் கனிமம்) 5.2 மடங்குள்ள மாக்னடைட்டும் (காந்த இரும்புத் தாது) அடியில் தங்கும். பத்துப் பதினைந்து முறை செய்தால்தான் கருமை தெளிவாகத் திரளும்.

மூன்றாம் படியாக, எஞ்சியதை உலர்த்தி, பையில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் நகர்த்துங்கள். ஒட்டுபவை பெரும்பாலும் மாக்னடைட்; ஒட்டாத கருமணிகளில் இல்மனைட் இருக்கும். இளஞ்சிவப்பு மணிகள் தென்பட்டால் அவை கார்னெட் என்னும் கடினக் கனிமமாக இருக்கலாம்.

நீங்கள் தட்டில் செய்ததையே அலைகள் நெடுங்காலமாகச் செய்கின்றன. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் பிரியத் தொடங்கியபோது உருவான கண்ட விளிம்பு, அதாவது கண்டம் கடலோடு சேரும் ஓரம், இது. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, வழியிலுள்ள தொன்மையான பாறைகள் சிதைந்த துகள்களை இவ்விளிம்புக்குக் கொண்டுவர, அலைகள் இலேசானவற்றை அகற்றிக் கனமானவற்றை விட்டுவைக்கின்றன. பாறையில் சிதறிக் கிடக்கும்போது பயன்படாத கனிமம், ஓரிடத்தில் திரளும்போதுதான் தாதுப் படிவாகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் அவ்வாறு திரண்ட மணலிலிருந்தே இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகிய கனிமங்களைப் பிரிக்கின்றனர்.

எல்லாக் கண்ட விளிம்புகளும் இவ்வாறு அமைதியானவை அல்ல; பூமியின் மேலோட்டுப் பாளங்களான புவித்தட்டுகள் மோதும் விளிம்புகளில் தாது வேறு வழியில் திரள்கிறது. தென் அமெரிக்காவின் மேற்கு விளிம்பில் நாஸ்கா என்னும் கடலடிப் புவித்தட்டு கண்டத்தின் அடியில் செருகும்போது, அதிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்து மாக்மாவை (உருகிய பாறைக் குழம்பை) உருவாக்குகிறது. அம்மாக்மா மேலெழுந்து குளிரும்போது பிரியும் வெந்நீர்மங்கள் பாறை வெடிப்புகளில் செம்புச் சல்பைடுகளை (செம்பும் கந்தகமும் சேர்ந்த கனிமங்களை) படியவிடுகின்றன. சிலியின் சுக்கிகமாட்டா, எஸ்கொண்டிடா சுரங்கங்களின் செம்பு அவ்வாறு வந்ததே. 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையும், சுமத்ராவையொட்டி நிகழும் இத்தகைய புவித்தட்டுச் செருகலால் எழுந்ததுதான்.

பார்த்து முடித்தபின் மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள். கதிரியக்கமுள்ள மோனசைட் மணிகள் அதில் கலந்திருக்கக்கூடும் என்பதால், வீட்டில் சேர்த்துவைப்பது முறையன்று.