பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றாக எதை வாங்குவது, எப்படிப் பேணுவது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடை தண்ணீர்ப் பாக்கெட்டுகளைத் தடுத்ததே தவிர, கடைகளில் விற்கும் தண்ணீர் பாட்டில்களைத் தடுக்கவில்லை. நீலகிரி மாவட்டம் போன்ற சில மலைப்பகுதிகளில் அவற்றுக்கும் தடை உண்டு. நீலகிரியில் சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம்கள் வைக்கப்பட்டுள்ளன. மற்ற ஊர்களில் இந்த மாற்றத்தை நாமேதான் தொடங்க வேண்டும்.

வெளியே எடுத்துச் செல்ல எவர்சில்வர் பாட்டிலே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அடிப்பகுதியில் 304 அல்லது 18/8 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த, எளிதில் துருப்பிடிக்காத எஃகு என்பது அதன் பொருள். தண்ணீர் நெடுநேரம் குளிர்ச்சியாக இருக்க வேண்டிய தேவை இல்லையென்றால், எடையும் விலையும் குறைந்த ஒற்றைச் சுவர் பாட்டிலே போதும். வாய் அகலமாக இருந்தால்தான் பிரஷ் அடிவரை செல்லும். மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்ற முடிகிறதா என்பதைக் கடையிலேயே சோதித்துவிடுங்கள், ஏனெனில் பாட்டிலில் வீசும் வாடை பெரும்பாலும் அந்த வளையத்துக்கு அடியில் தங்கும் ஈரத்திலிருந்துதான் வருகிறது.

பாட்டிலைத் தினமும் சோப்பிட்டுக் கழுவி, மூடியைத் திறந்தே வைத்துக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். வாடை போகவில்லையென்றால், வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து இரவு முழுவதும் ஊறவிடலாம். பிளீச்சிங் பவுடர் கரைசல் எஃகை அரித்துக் குழி விழச் செய்யும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. இரட்டைச் சுவர் பாட்டிலை ஃப்ரீசரிலோ அடுப்பிலோ வைக்கக் கூடாது. வெந்நீர் ஊற்றியதும் அதன் வெளிப்புறம் சுடுமானால், இரு சுவர்களுக்கும் இடையிலிருந்த வெற்றிடம் போய்விட்டது என்று அறியலாம்.

செம்புப் பாட்டிலில் தண்ணீரை மட்டுமே வைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பான பானங்கள் செம்பைக் கரைத்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. களிம்பு ஏறினால் புளியும் உப்பும் தேய்த்து, நன்றாக அலசிவிடுங்கள்.

வீட்டுக்கு மண்பானை போதும். அதன் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்வதால், வறண்ட காற்றுள்ள மதுரை போன்ற ஊர்களில் நன்றாகக் குளிரும், கடலோரப் புழுக்கத்தில் சற்றுக் குறைவாகக் குளிரும். வண்ணம் பூசிய பானையைத் தவிர்த்துவிட்டு, புதுப் பானையை ஒரு நாள் நீரில் ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். துளைகள் சோப்பை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே தேங்காய் நாரால் மட்டும் தேய்த்துக் கழுவி, ஈர மணல்மேல், காற்று படும் இடத்தில் வையுங்கள்.