சேதுக் காசும் சூலக்கல்லும்: சின்னங்களைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகன்குளம் போன்ற பழந்துறைகளில் மழை மேல்மண்ணைக் கழுவிவிட்டால் செப்புக்காசு கண்ணில் படும். எடுத்ததும் புளி போட்டுத் தேய்ப்பதுதான் முதல் தவறு. பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஆழத்தையும் உடன் கிடந்த பானை ஓட்டையும் குறியுங்கள். மண்ணைத் தட்ட மெல்லிய தூரிகை போதும். பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில் இரு புறமும் பாருங்கள். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

அப்படிக் கிடைக்கும் ஒரு காசைப் பாருங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் படுத்த காளை, மேலே பிறை, கீழே இரண்டே எழுத்து: 'செது'. இங்கே இரண்டு இடறல்கள் உண்டு. ஒற்றைக் கொம்பைக் கண்டு வேறு சொல் என்று நினைப்பது ஒன்று. ஏகாரத்துக்கு இரட்டைச் சுழிக் கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் வந்தது. அதற்கு முன் 'செ' என்ற வடிவமே 'சே'வுக்கும். ஆக, அது 'சேது'தான்.

மற்றது, சேது என்றதும் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் காசு என்று முடிவுகட்டுவது. முன்பு ஆய்வாளர்களே அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் இவ்வகைக் காசு வட இலங்கையில் நிறையக் கிடைக்கிறது. காளை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சின்னம். இலங்கையில் கிடைத்த அவர்களுடைய கொட்டகம கல்வெட்டும் 'சேது' என்றே தொடங்குகிறது. அவர்களும் சேது காவலர் என்று சொல்லிக்கொண்டவர்கள். சேதுபதிகளோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மதுரை நாயக்கர் ஆதரவோடு நிலைபெற்றார்கள். சொல் நம் கரையுடையது என்பதால் காசும் நம்முடையதாகிவிடாது. இதை ஒப்புக்கொள்ள மனம் வராதுதான். ஆனாலும் பாக்கு நீரிணையின் இரு கரையும் ஒரே சொல்லுக்கு உரிமை கோரியது எவ்வளவு பெரிய செய்தி!

மீனும் இப்படித்தான். தனியே இணைகயல், அதாவது இரட்டை மீன், இருந்தால் பாண்டியர் என்று தேடலாம். அமர்ந்த புலிக்குப் பக்கத்தில் இருந்தால் அது சோழர் காசு. பாண்டியரை வென்றதைச் சொல்லும் மீன் அது.

வயல் வரப்பில் சூலம் பொறித்த கல்லைச் சாமி என்று எண்ணி, பிடுங்கிப் பீடத்தில் நட்டுவிடுகிறார்கள். சிவன் கோயிலுக்கு விட்ட தேவதான நிலத்தின் எல்லைக்கல் அது. பெருமாள் கோயில் நிலமென்றால் ஆழி (சக்கரம்), சமணப் பள்ளிக்கு விட்ட பள்ளிச்சந்த நிலமென்றால் முக்குடை (மூன்றடுக்குக் குடை). கல் நின்ற இடம்தான் அதன் பொருள். நகர்த்தினால் எல்லையே அழிந்துபோகும். மஞ்சள் பூசி வணங்க விரும்பினால் நின்ற இடத்திலேயே வணங்குங்கள். சூலம் எந்தத் திசை பார்க்கிறது, எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்பதை மட்டும் எழுதி வையுங்கள்.