மொட்டை மாடி வெயிலில் நீலமாகாத பிளாஸ்டிக் செடி: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

வேலூரைப் பற்றிக் கேட்டால் தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்றுதான் ஆரம்பிப்பார்கள். செடியில்லாத பால்கனி என்று ஒன்றை நானும் சேர்த்துக்கொள்ளலாம். வாடகை வீடு, இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, அதற்கு மேலே மொட்டை மாடி. நிஜச் செடிதான் வைத்திருந்தேன். ஒரு வருஷத்தில் கீழ்வீட்டுச் சீலிங்கில் ஓதம் ஏறிவிட்டது என்று ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்து நின்றார். "செடி வேணா வெச்சிக்கோ கண்ணு, தண்ணி மட்டும் ஊத்தாத." தண்ணி ஊற்றாத செடி என்றால் பிளாஸ்டிக்தானே!

மூன்று தடவை வாங்கி, இரண்டு தடவை குப்பையில் போட்டேன். மூன்றாவதாக வாங்கியது இரண்டு கத்திரி வெயிலைத் தாண்டி இன்னும் நிற்கிறது. அழகாக அடுக்குவது, எந்தச் சுவருக்கு எந்தச் செடி பொருந்தும் என்பதெல்லாம் இதில் இல்லை, அது உங்கள் ரசனை. வெயிலில் பிழைக்கிற சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது மட்டும்தான் இங்கே.

படி 1: முதலில் இடம்

செடி வைக்கப்போகும் இடத்தில் மதியம் 12 மணிக்கு நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். வானம் தெரிந்தால் அது கடினமான இடம். நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். கோடையில் மதிய நேர யூவி (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்) குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சக்கட்டப் பிரிவு. மாலையில் மேற்கு வெயில் சுடுவது வேறு கதை, அதில் சூடு அதிகம், யூவி மதியத்தைவிடக் குறைவு. சாயம் வெளுப்பதற்குப் பெரும்பாலும் மதியம்தான் காரணம். அதனால் சன்ஷேடுக்குக் கீழே ஓர் அடி உள்ளே தள்ளி வைத்தாலே ஆயுசு கூடும். மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டிருந்தால் நீங்கள் பாக்கியசாலி. அந்த ஷீட் யூவியைக் கிட்டத்தட்ட முழுசாகவே நிறுத்திவிடும், சுமாரான செடியே அங்கே தாங்கும்.

படி 2: என்ன பிளாஸ்டிக்? ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

நான் முதலில் வாங்கியது காகிதப்பூக் கொடி. ரோஸ் கலரில் கொத்துக்கொத்தாக, தூரத்தில் பார்த்தால் நிஜம் மாதிரியே இருந்தது. மார்ச்சில் கட்டினேன், ஏப்ரல் கடைசியில் பூ வெளிர்ந்து பழைய கைக்குட்டை நிறம், இலை நீலம். ஆமாம், நீலம். ரோட்டோரம் வருஷக்கணக்கில் கிடக்கும் ஃப்ளெக்ஸ் பேனரில் தலைவர்கள் எல்லோரும் நீல முகத்தோடு சிரிப்பார்களே, அதே கதைதான். அச்சில் இருக்கும் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும், நீலம் தங்கும். பச்சை என்பது மஞ்சளும் நீலமும் சேர்ந்ததுதானே.

அந்தக் கொடி பாலியெஸ்டர் துணியில் சாயம் அச்சடித்தது. வீட்டுக்குள் வைப்பதற்கு அதைவிட அழகான சரக்கு கிடையாது, வெளியே வைத்தால் வீண். வெளியே வேண்டியது பாலிஎத்திலீன், கடைக்காரர்கள் பி.இ. என்பார்கள். அச்சில் ஊற்றி எடுத்த இலை, தொட்டால் மெழுகு மாதிரி வழுவழுப்பாக இருக்கும், நகத்தால் கீறினால் கோடு விழும்.

சந்தேகமாக இருந்தால் ஒரே ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீன் மிதக்கும், பிவிசியும் பாலியெஸ்டரும் மூழ்கும். துணி இலையில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு அதுவும் மிதக்கிற மாதிரி ஏமாற்றும், அதனால் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு விட்டு, இலையை விரலால் அமுக்கிக் குமிழை விரட்டிவிட்டுப் பாருங்கள். நான் கடையிலேயே தண்ணீர் பாட்டிலில் போட்டுப் பார்ப்பேன். ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

பாலிபுரொப்பிலீனும் மிதக்கும் என்பதுதான் இதில் ஒரு சிக்கல். யூவிக்கு எதுவும் சேர்க்காத பாலிபுரொப்பிலீன் வெயிலில் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமா, வெள்ளை அரிசிச் சாக்கு ஒன்றை மாடியில் போட்டுவிட்டுச் சில மாதம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். கையோடு நாராக உதிர்ந்து வரும். விறைப்பாக, கீறினால் கோடு விழாத இலையாக இருந்தால் நான் வாங்குவதில்லை.

படி 3: யூவி என்று சொன்னால் போதாது

கடையில் நடக்கும் உரையாடல் எப்போதும் இதுதான்:

"அண்ணே, இது யூவியா?"
"எல்லாமே யூவிதான்க்கா."

அந்தக் கேள்வியே தப்பு. கேட்க வேண்டியது: "யூவி மேலே பூசினதா, பிளாஸ்டிக்கிலேயே கலந்ததா?" பாலிஎத்திலீன் மேல் எந்தப் பூச்சும் லேசில் ஒட்டாது. அதன் மேல் பெயிண்ட் நிற்காமல் உரிந்து வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இலை காற்றில் ஆடி, தூசி பட்டு, நாம் துடைத்து, பூசினது போய்விடும். கலந்தது அப்படிப் போகாது.

கலப்பதில் இரண்டு வகை. ஒன்று யூவியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் பொருள். அது நன்றாக வேலை செய்யப் பிளாஸ்டிக்குக்குத் தடிமன் வேண்டும், இலையோ காகிதம் மாதிரி. இன்னொன்று ஹால்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் அமீன் வகை. வெயில் பட்டு பிளாஸ்டிக் உடைய ஆரம்பிக்கும் இடத்தில் போய் அந்த வினையை நிறுத்திவிட்டு, தானும் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் கொஞ்சமே கலந்தாலும் நீண்ட நாள் உழைக்கும், மெல்லிய இலைக்கும் பலன் உண்டு. எல்லாவற்றையும்விட மலிவான, பலமான காவல் கரித்தூள்தான். மாடியில் இருக்கிற தண்ணீர் டேங்க் எத்தனையோ கறுப்பாக இருப்பதற்கு அது ஒரு காரணம். செடியைக் கறுப்பில் செய்ய முடியாது, அதுதான் பிரச்சினை. இதைப் படி 5க்காக நினைவில் வையுங்கள்.

பெரிய அளவில் வாங்குகிறீர்கள் என்றால் சோதனை அறிக்கை கேளுங்கள். ஐஎஸ்ஓ 4892 அல்லது ஏஎஸ்டிஎம் ஜி154 (வெயிலுக்குப் பதில் விளக்கின் கீழ் வைத்துச் சோதிக்கும் தரமுறைகள்) என்று இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் விளக்கின் கீழ் வைத்தார்கள், முடிவில் நிறம் எவ்வளவு மாறியது என்ற இரண்டும் இருக்க வேண்டும். மணி நேரம் மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமில்லை. அந்த மணி நேரத்தை 24ஆல் வகுத்து இத்தனை நாள், இத்தனை வருஷம் என்று கணக்குப் போடவும் கூடாது, விளக்கு வேறு, வேலூர் வேறு.

என்னை மாதிரி நாலு தொட்டிக்கு வாங்குகிறவர்களுக்கு யார் அறிக்கை தருவார்கள்? அதனால் இதைச் செய்யுங்கள். மூன்று கடையில் தலா ஒரு கொத்து மட்டும் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இலையின் பாதியை அலுமினிய ஃபாயிலால் மூடி, பைண்டர் கிளிப் போட்டு, மொட்டை மாடியில் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். ஏப்ரல், மே என்றால் இன்னும் நல்லது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டாதீர்கள், நான் ஒட்டினேன், சூட்டில் பசை உருகி இலையோடு ஒன்றாகிவிட்டது, கீழே நிறம் என்ன ஆனது என்று பார்க்கவே முடியவில்லை.

ஆறு வாரம் கழித்து ஃபாயிலை எடுத்தபோது, எல்லாமே யூவிதான் என்று சொல்லி வாங்கிய மூன்றில் இரண்டில், கைக்கடிகாரம் கழற்றின மணிக்கட்டு மாதிரி தெளிவாகக் கோடு. ஒன்றில் மட்டும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணால்தான் பார்க்க வேண்டும், போன் கேமரா நிறத்தைத் தானாகச் சரிசெய்து காட்டிவிடும். பிறகு இலையை இரண்டாக மடித்து அழுத்துங்கள். மடிப்பில் வெடித்தால் நிறம் நன்றாக இருந்தாலும் வேண்டாம். இந்தச் சோதனையில் தேறினதெல்லாம் ஐந்து வருஷம் வரும் என்று நான் சொல்லவில்லை, மோசமானதை வடிகட்ட மட்டும் இது உதவும்.

படி 4: நிறம்

பூ வேண்டாம். சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ் எல்லாம் முதலில் போகும். பூ வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் வெள்ளை வாங்குங்கள், அதுவும் மஞ்சளிக்கும், ஆனால் சட்டென்று கண்ணில் உறுத்தாது. கரும்பச்சை, ஒரே இலையில் இரண்டு மூன்று பச்சை கலந்தது என்றால் வெளுத்தாலும் தெரியாது. பிளேடால் ஓர் இலையை வெட்டி விளிம்பைப் பாருங்கள், உள்ளேயும் அதே பச்சை இருக்க வேண்டும். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் நிறம் மேலாக மட்டும்தான்.

படி 5: கட்டுவது (நான் விழுந்த இடம்)

இரண்டாவது தடவை செடி நல்ல செடி. பச்சைச் சுவர் மாதிரி வருமே, சதுரச் சதுரமான இலைப்பாய், அது பன்னிரண்டு வாங்கி கைப்பிடிச் சுவர் கம்பியில் வெள்ளை கேபிள் டை போட்டுக் கட்டினேன். ஒரு வருஷம் இலை அப்படியே இருந்தது, எனக்கு ஒரே பெருமை. அடுத்த ஆடியில் ஒரு சாயங்காலம் காற்று எடுத்தது பாருங்கள், நாலு பாய் கழன்று பக்கத்து வீட்டு வடகத்துணி மேல் போய் விழுந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இது எம்மாத்திரம்.

போய்ப் பார்த்தால் கேபிள் டை எல்லாம் விரலால் தொட்டாலே படக் படக்கென்று உடைகிறது. அதைவிட மோசம், இலைகளைச் செருகியிருக்கும் பின்பக்க வலை. அதைத் தடவினால் கையில் சாக்பீஸ் மாதிரி மாவு ஒட்டியது. இலைக்கு மட்டும் யூவி கலந்து, பின்னால் இருப்பதற்கு எதையோ போட்டுவிட்டார்கள். முன்னால் பார்த்து வாங்குகிற யாரும் பாயைத் திருப்பிப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

அதனால் ஃபாயில் சோதனையை வலைக்கும் செய்யுங்கள். ஒரு துண்டு வலையை வெட்டி வெயிலில் போட்டு, ஆறு வாரம் கழித்து வளைத்துப் பாருங்கள். கேபிள் டை கறுப்புதான், அதிலும் வெளி உபயோகத்துக்கு என்று போட்டது. கரித்தூள் கதை இங்கேதான் உதவுகிறது. என்னைக் கேட்டால் டையே வேண்டாம், பிவிசி உறை போட்ட ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) கம்பியில் கட்டிவிடுங்கள், ஒரு பாய்க்கு ஆறு இடம். சென்டிரிங் வேலைக்கு வாங்கும் கட்டுக்கம்பி ஆகாது, ஒரு மழையில் துரு வழிந்து சுவரெல்லாம் காவிக் கோடு. வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

படி 6: தொட்டி

தொட்டியோடு வரும் செடி காற்றில் சாயும். எம்சாண்டோ ஜல்லியோ போட்டு நிரப்புங்கள், சிமெண்ட் ஊற்றினால் பிறகு நகர்த்த முடியாது. அடியில் ஓட்டை கட்டாயம். நான் விட்டுவிட்டேன், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி, கொசுப் புழுவைப் பார்த்தது மாநகராட்சி ஊழியர்தான். பிளாஸ்டிக் செடி வைத்து டெங்குவுக்குத் திட்டு வாங்கியது தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கழுவுவது பச்சைத் தண்ணீர், மாதம் ஒரு தடவை, அவ்வளவுதான். பளபளப்புக்கு என்று விற்கும் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் அன்றைக்குப் பளபளக்கும், மறுநாளே தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கருத்துகள் வந்த பிறகு சேர்த்தது

சென்னையில் கடற்கரைப் பக்கம் இருக்கிற ஒருவர், ஜிஐ கம்பியே எட்டு மாதத்தில் துருப்பிடித்தது என்று எழுதியிருந்தார். உப்புக்காற்று இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிதான், அதிலும் 316 என்ற ரகம் கிடைத்தால் நல்லது. கொடிகளின் தண்டுக்குள் ஓடும் கம்பியையும் பாருங்கள், வெட்டின முனை திறந்திருந்தால் அங்கேதான் துரு ஆரம்பிக்கும்.

ஏற்கெனவே வாங்கிய துணிச் செடியைக் காப்பாற்ற யூவி ஸ்ப்ரே அடிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். துணியில் ஓரளவு பிடிக்கும், கொஞ்ச நாள் தள்ளிப்போகும், ஆனால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் அதை ஹாலுக்குள் எடுத்துவந்துவிடுவதே மேல்.

எதிர்க் கட்டடத்துக் கண்ணாடி வெயிலைத் திருப்பி அடிக்கிற ஓர் இடத்தில் மட்டும் இலை உருகிச் சுருண்டதாகப் படம் அனுப்பியவருக்கு: அது யூவி இல்லை, சூடு. கண்ணாடி வெயிலைக் குவித்து அடித்தால் செயற்கைப் புல்லே உருகும். எவ்வளவு நல்ல சரக்கு வாங்கினாலும் அந்த இடத்தில் நிற்காது, இடத்தை மாற்றுங்கள்.

தீபாவளி பற்றி நானே எழுதாமல் விட்டது தப்பு. இது மொத்தமும் பிளாஸ்டிக், ஒரு ராக்கெட் வந்து விழுந்தால் போதும். நான் தீபாவளிக்கு முந்தின நாள் பால்கனிப் பாய்களைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, கார்த்திகை விளக்கெல்லாம் முடிந்துதான் மாட்டுகிறேன். கம்பியில் கட்டியிருப்பதால் கழற்ற அரை மணி நேரம் ஆகிறது. ஏசி வெளி யூனிட்டை மறைக்க இதைச் சுற்றிக் கட்டலாமா என்ற கேள்விக்கும் சேர்த்து: கட்டாதீர்கள், காற்று போகாமல் ஏசி திணறும், கரண்ட் பில்லில் தெரியும்.