கத்தி பிடித்தவர் கட்டுரை எழுதும்போது: அறுவை மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய ஆய்வுத் தவறுகள்

சிவகங்கையில் 2012-லும் புதுக்கோட்டையில் 2017-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தபிறகு, செட்டிநாட்டுப் பக்கத்து அறுவை மருத்துவர்களுக்குக் கூடவே ஒரு கவலையும் வந்து சேர்ந்தது. நன்றாக ஆபரேஷன் செய்தால் மட்டும் போதாது, பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகள் இதில் கறாராக இருந்தன. பட்டியலிட்ட தரவுத்தளங்களில் உள்ள இதழாக இருக்க வேண்டியிருந்தது; உங்கள் பெயர் முதல் மூன்றுக்குள் வர வேண்டியிருந்தது, இல்லையென்றால் இதழோடு கடிதத் தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் ‘தொடர்புக்குரிய ஆசிரியராக’ இருக்க வேண்டியிருந்தது. தனியொரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட் கணக்கிலேயே வரவில்லை.

நான் மருத்துவனல்ல, புள்ளியியல் பார்த்துக் கொடுப்பவன். காரைக்குடியைச் சுற்றியுள்ள மருத்துவர்களின் எக்செல் தாள்கள் அடிக்கடி என் மேசைக்கு வரும். எழுத்தில் உள்ள பிழைகளை ஒரு வாரம் உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். சரிசெய்யவே முடியாதவை, எழுத உட்காருவதற்கு வெகுநாள் முன்பே வார்டிலும் ஓ.பி.யிலும் நடந்து முடிந்திருக்கும்.

ஒரு தாளைத் திறந்து பார்ப்போம். குடலிறக்க ஆபரேஷன், மெஷ் என்ற செயற்கை வலை வைத்தது. வயது, சர்க்கரை நோய் உண்டா, எத்தனை நிமிடம் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். கடைசிப் பத்தி, ‘புண்ணில் சீழ்’. சில கட்டங்களில் ‘ஆம்’. மற்றவையெல்லாம் வெற்று. கேட்டால், “வெற்றுன்னா இல்லைன்னு அர்த்தம் சார்” என்பார்கள். அது அப்படி இல்லை. அந்த நோயாளி தையல் பிரித்த அன்றோடு போனவர், திரும்பி வரவே இல்லை. அறுவைப் புண் தொற்று என்பதை ஆபரேஷனுக்குப் பின் 30 நாள்வரை பார்க்க வேண்டும், மெஷ் போன்ற பொருள் உள்ளே வைத்திருந்தால் 90 நாள்வரை. நூறு பேருக்கு ஆபரேஷன், அறுபது பேர் திரும்பி வந்தார்கள், அதில் ஆறு பேருக்குச் சீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறுக்கு ஆறா, அறுபதுக்கு ஆறா? வராத நாற்பது பேரில் சிலர் சீழ் பிடித்து மதுரைக்கோ திருச்சிக்கோ போயிருக்கலாம். வசூலாகாத பாக்கியை வரவில் எழுதும் கணக்கப்பிள்ளையை இந்த ஊரில் எந்தச் செட்டியாரும் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார். ‘ஆம்’, ‘இல்லை’, ‘தெரியாது’ என்று மூன்று பதில்களை முதல் நாளிலேயே வைத்துவிட வேண்டும். நோயாளியின் போன் நம்பரோடு, உள்ளூரிலேயே இருக்கும் ஒரு உறவினரின் நம்பரையும் சேர்த்து வாங்க வேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்களில் இது முக்கியம்.

நோயாளியைத் திரும்ப அழைப்பது எவ்வளவு பெரிய ஆய்வு என்பதற்கு சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கரைச் சொல்ல வேண்டும். கழுத்துக் கழலைக்குத் தைராய்டு சுரப்பியை முழுசாக எடுப்பதில் கைதேர்ந்தவர். ஆபரேஷனில் இறப்பு குறைவு, பெயரும் நல்ல பெயர். பழைய நோயாளிகளை அழைத்துப் பார்த்தபோதுதான், சுரப்பி முழுவதும் போனவர்கள் பலர் முகம் ஊதி, மந்தமாகி, சிறு வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வளர்ச்சி நின்றுபோய் இருந்தது தெரிந்தது. தன் கையால் வந்த வினையை 1883-ல் அவரே எழுதி வெளியிட்டார். ஜெனீவாவின் அறுவை மருத்துவர் ரெவர்டின் இதைக் கொஞ்சம் முன்னதாகவே கவனித்துச் சொல்லியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். தைராய்டு பணிக்காகக் கோக்கருக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஃபைலை மூடியிருந்தால் ‘நூறு கழலை, சிறந்த முடிவு’ என்று ஒரு கட்டுரை வந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, கேள்வி இல்லாமல் ஆய்வு தொடங்குவது. எம்.எஸ். தீசிஸ் தலைப்புகள் பல கைடிடமிருந்து கைடுக்கு இறங்கி வருபவை. சீனியர் செய்ததையே வருடத்தை மட்டும் மாற்றிச் செய்வார்கள், பைண்டு செய்து கொடுப்பார்கள், தேர்வு முடிந்ததும் அலமாரி. ‘எங்கள் மருத்துவமனையில் இத்தனை குடல்வால் ஆபரேஷன்கள்’ என்பது ரெஜிஸ்டர், ஆய்வு அல்ல. 1996-லேயே லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் அறுவை ஆராய்ச்சியைக் காமிக் ஓபரா என்ற சிரிப்பு இசைநாடகத்தோடு சேர்த்துப் பேசி வம்பில் மாட்டிக்கொண்டார். ஒப்பிட ஆளில்லாத நோயாளி வரிசைகளே இதழ்களை நிறைக்கின்றன என்பதுதான் அவருடைய புகார். இன்றைக்கும் அது ரொம்பப் பழையதாகிவிடவில்லை.

நல்ல கேள்விக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. வயல் வேலையில் இலையோ தூசோ கண்ணில் பட்டு, கருவிழியில் பூஞ்சைப் புண் வந்து பார்வை போவது நம் பக்கத்தில் அறிந்த கதை. பழைய நாடமைசின் சொட்டு மருந்து நல்லதா, புதிய வோரிகோனசோல் நல்லதா என்று மதுரை அரவிந்த் மருத்துவர்களும் அமெரிக்கக் கூட்டாளிகளும் 323 நோயாளிகளிடம் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது: பழையதே மேல். புத்தகத்துக்குள் ஏறிவிட்டது அந்தக் கட்டுரை. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் இப்படித்தான். டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. அங்கே புது மெஷின் எதுவும் இல்லை. கத்தி வைக்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பேசினார்கள்.

இரண்டு சிகிச்சைகளை இப்படி ஒப்பிடுவதாக இருந்தால் நெறிமுறைக் குழு அனுமதியும் சிடிஆர்ஐ பதிவும் வேண்டும். மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ 2007-ல் தொடங்கியது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். கட்டணம் கிடையாது. ஆபரேஷன்களையெல்லாம் முடித்துவிட்டு ‘இப்போ நம்பர் வாங்கலாமா’ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம், பெயர். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பிறர் தம் கட்டுரையில் நம் கட்டுரையைச் சுட்டுவதுதான் மேற்கோள், நம் ஊரில் பெயர்க் குழப்பத்தில் கணக்கில் வராமல் போகும் மேற்கோள்கள் ஏராளம். நகரத்தார் வீட்டில் ஒவ்வொரு மகனின் மூத்த பையனுக்கும் தாத்தா பெயர். ஆக பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே சொக்கலிங்கம். வேறுபடுத்திக் காட்ட முன்னால் நீளமான விலாசம், அதாவது முன்னெழுத்து வரிசை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் குடும்பப் பெயருக்குப் பின் இரண்டு முன்னெழுத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. ஒரு கட்டுரையில் முன்னெழுத்து ஒன்று, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்பா பெயரை விரித்துக் கடைசியில் போட்டால், அதுவே குடும்பப் பெயராகிவிடும். அப்பா ராமநாதன் தேவகோட்டையில் பாத்திரக்கடையில் உட்கார்ந்திருப்பார். பித்தப்பைக் கல் பற்றிய கட்டுரை அவர் பெயரில் உலகம் சுற்றும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். ஆர்கிட் என்ற பதினாறு இலக்க எண் இலவசம். வாங்கி எல்லாக் கட்டுரையிலும் போடுங்கள்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் சொன்ன ஹெச்-இண்டெக்ஸ் 8 என்றால், உங்கள் எட்டுக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் எட்டு முறையாவது மேற்கோளாகியிருக்கின்றன என்று பொருள். எட்டில் ஒன்று ஆயிரம் முறை மேற்கோளானாலும் எண் அதேதான். இதய மருத்துவரோடு குழந்தை அறுவை மருத்துவரை இதை வைத்து ஒப்பிடுவது வீண்வேலை. கட்டுரை தேடும் கூகுள் ஸ்காலர் தீசிஸையும் சேர்த்து எண்ணும் என்பதால், தேர்ந்த இதழ்களை மட்டும் பட்டியலிடும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தைவிடப் பொதுவாகக் கூடுதலாகக் காட்டும். எதிலிருந்து எடுத்தது என்று பயோடேட்டாவில் எழுதுங்கள். ஒரு இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்று காட்டும் இம்பாக்ட் ஃபேக்டர் இதழுக்கு உரியது, உங்கள் கட்டுரைக்கு உரியதல்ல.

துறைத்தலைவர் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவின் விதி தெளிவானது. பெயர் போட வேலையில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக்கட்டுரைக்கும் பொறுப்பு என நான்கும் வேண்டும். முதல் மூன்று பெயருக்குத்தான் மதிப்பு என்றான பிறகு சண்டை இன்னும் கூடியிருக்கிறது. யார் பெயர் எங்கே என்பதை, “ஐயா, இந்த வேலையை நான் பார்க்கிறேன், இதை நீங்கள் பாருங்கள்” என்று ஆரம்பத்திலேயே பேசி ஒரு தாளில் எழுதிவைப்பதே உத்தமம். முடிந்தபிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிச்சம்.

கடைசியாக, காசு வாங்கிக்கொண்டு சரிபார்க்காமலே வெளியிடும் வேட்டை இதழ்கள். அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் 2010 வாக்கில் வைத்த பெயர் இது. மெயிலைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். நேற்றுச் சேர்ந்த மாணவரைக்கூட ‘மாண்புமிகு பேராசிரியர்’ என்பார்கள், குடலிறக்கம் எழுதியவரை வேளாண்மை இதழுக்கு அழைப்பார்கள், மூன்றே நாளில் ஏற்றுக்கொள்வார்கள். கட்டணம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். ‘ஸ்கோப்பஸில் உள்ளது’ என்று அவர்கள் தளத்தில் போட்டிருப்பதை நம்பாமல், ஸ்கோப்பஸ் தளத்திலேயே இதழின் அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைத் தட்டிப் பாருங்கள். முன்பு இருந்து நீக்கப்பட்டதா என்பதும் அங்கே தெரியும். நல்ல இதழின் பெயரையே திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். ஒருமுறை அங்கே வெளியாகிவிட்டால், அதே தரவை வேறு நல்ல இதழ் எதுவும் இரட்டைப் பிரசுரம் என்று தொடாது. ‘எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால், எடுப்பதற்கும் ஒரு பில் அனுப்புவார்கள்.